எவர்சில்வர் சாசனங்கள்: வீட்டுச் சமையல் படக் குழுக்கள் குறித்த ஒரு முன்னாய்வு

வீட்டில் சமைத்ததைப் படம் பிடித்து உறவுக்காரர் கூடிய வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் தமிழர்க்கு எப்போது வந்தது என்னும் வினாவுக்கு அறிஞர் உலகம் இதுவரை விடை சொல்லவில்லை. காரணம் எளிது: அறிஞர் உலகம் சமைப்பதில்லை, சாப்பிட மட்டும் செய்யும். ஆய்வேட்டின் நன்றியுரையில் துணைவேந்தர், நெறியாளர், நூலகர், ஒளியச்சர் எல்லாரும் வந்துபோன பின் கடைசி வரியில் தலைகாட்டும் துணைவியாரே சமைப்பவர். அவரிடம் எவரும் தரவு திரட்டியதில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுகிறது. எங்கள் குடும்பத்தின் சமையல் படக் குழு இதன் களம். துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் அதில் உறுப்பினர் என்பதால் இது பன்னாட்டுக் குழு. நம் கல்லூரிகள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தக் கையாளும் அளவுகோலும் இதுவே.

குழு மூன்று என்பது மரபு. களவியல் உரை முதற்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவியதாகக் கணக்குச் சொல்லும். எங்கள் முதற்குழுவை நிறுவியவர் பெரியப்பா. அதன் படங்களில் ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. சங்க நூல்களைக் கடல் கொண்டது என்பர். முதற்குழுவைக் கொண்டது ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்னும் அறிவிப்பு. பெரியத்தையின் மைசூர்பாகு அத்தொகுதியில் இருந்ததாகவும், அப்படியொரு பதம் அதற்குப் பிறகு அவருக்கே அமையவில்லை என்றும் ஒரு குறிப்பு உண்டு (பெரியத்தை, காலைச் செய்தி). படம் கிடைக்காத காரணத்தால் அதன் சிறப்பை மறுக்க இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை. அகத்தியத்துக்கும் இதே வசதி உண்டு.

இடைக்குழு காலை வணக்கங்களால் அழிந்தது. ரோஜாவும் குத்துவிளக்கும் உதயசூரியனும் பெருகிய வெள்ளத்தில் ஒருநாள் வெண்பொங்கல் படம் ஒன்று வந்தது. அதற்கும் எல்லாரும் ‘வணக்கம்’ என்றே பதில் போட்டார்கள்.

கடைக்குழு, அதாவது இப்போதுள்ளது, ‘சமையல் மட்டும்’ என்னும் ஒற்றைச் சூத்திரத்தின் மேல் எழுப்பப்பட்டது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்கிறது வாட்ஸ்அப். எங்கள் உறவில் பேச்சுவார்த்தையில் இருப்போர் அத்தனை பேர் இல்லை. சூத்திரம் சுருங்கியதாக இருந்ததால் உரை பெருகிற்று. கடையில் வாங்கிய மாவில் சுட்ட தோசை வீட்டுச் சமையலா? இவ்வினாவில் குழு அரைப்போர் கட்சி, வாங்குவோர் கட்சி எனப் பிளந்தது. சித்தி அரைப்போர் கட்சியின் தலைவர். இது பின்னால் முக்கியமாகும்.

படங்களின் வகை பின்வருமாறு. இட்லி: வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி, ஒன்றும் தெரியாது. ரசம்: படம் பிடிக்க இயலாது, பிடித்தவர் வருந்தினர். பிரியாணி: ஞாயிறு. கேசரி: நெய் தெரிந்தால் விருந்தினர், தெரியாவிட்டால் வீட்டார். உப்புமா: இவ்வகையில் படமே இல்லை. எல்லார் வீட்டிலும் வாரம் இருமுறையேனும் உப்புமா நடக்கிறது என்பதும், அதை ஒருவரும் போட்டதில்லை என்பதும் தனி ஆய்வுக்குரியவை.

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். வாட்ஸ்அப் 2022-இல் எதிர்வினைக் குறிகளைக் கொண்டுவந்தபோது முதலில் ஆறே கொடுத்தது: கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த முகம், அழும் முகம், கூப்பிய கை. சிரிப்பை நகை என்றும், வாய் பிளந்ததை மருட்கை என்றும், அழுமுகத்தை அழுகை என்றும் கொள்ளலாம். இதயத்தை உவகையில் அடக்கலாம். அச்சம், வெகுளி, இளிவரல், பெருமிதம் ஆகிய நான்குக்கும் இடமில்லை. குடும்பக் குழுவில் உண்மையாகவே எழுபவை இந்த நான்குதான் என்பதே சிக்கல். ஆகவே உறவினர் நான்கையும் கட்டைவிரல் ஒன்றின்மேலேயே ஏற்றிப் பழகிவிட்டார்கள். படம் வந்த நொடியில் விழும் கட்டைவிரலுக்குப் பார்க்கவில்லை என்று பொருள். மறுநாள் விழுந்தால், பார்த்தேன், எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை என்று பொருள். பெரியத்தையின் கட்டைவிரல் எப்போது விழுந்தாலும் உப்பு குறைச்சல். படத்தில் உப்பு எப்படித் தெரியும் என்று வினவியதற்கு, ‘மொகத்தப் பாத்தாலே தெரியுமே’ என்றார் (பெரியத்தை, குரல்பதிவு, குக்கரின் மூன்றாம் விசிலுக்குப் பின்). படத்தில் முகம் ஏதும் இல்லை.

படத்தின் கீழே எழுதும் வாசகம் அடுத்தது. இட்லிப் படத்தின் கீழ் ‘இட்லி’ என்று எழுதும் பெரியப்பாவைக் குழுவின் இளைய தலைமுறை எள்ளி நகையாடுகிறது. வரலாறு அறியாதோர் செயல் இது. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் ஒரு சேமிப்புச் சாடியின் உடைந்த பகுதி கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டுத் தமிழ் பிராமி எழுத்து அதில் இருந்தது. ஐராவதம் மகாதேவன் அதைப் ‘பானை ஒறி’ (ஒறி என்பது உறி) என்று வாசித்தார். கடல் கடந்து போன தமிழன், பானையின் மேல் அது பானைதான் என்று எழுதி வைத்திருக்கிறான். அதுவும் ஒருமுறை அல்ல. இரு பக்கமும் எழுதியிருக்கிறான். பெரியப்பாவும் அதே படத்தை இரண்டுமுறை அனுப்புவார்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். படத்தில் உள்ள உணவைப் பார்ப்பது பாமரர் வழக்கம். ஆய்வாளன் பாத்திரத்தைப் பார்ப்பான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. கொடுமணலிலும் ஆட்பெயர் பொறித்த ஓடுகள் ஏராளம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் தன் பாத்திரத்தில் தன் பெயரை எழுதினான் என்பதை எழுத்தறிவின் பரவலுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பாத்திரத்தில் பெயர் எழுதுவது ஏன் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: பக்கத்து வீட்டுக்குப் போனது திரும்பி வர வேண்டும் என்பதற்காக. குவிரன் வீட்டுப் பானை ஆதன் வீட்டில் தங்கிவிட்டிருந்த காலம் அது.

எவர்சில்வர் வந்தபின் இம்மரபு உச்சம் தொட்டது. பாத்திரக் கடையில் வாங்கியதும் ‘பேர் வெட்டணுமா?’ என்று கேட்பார்கள். அதிரும் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதித் தருவார்கள். ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்ட இனம், பாத்திரத்துக்கு வந்ததும் எழுத்து முழுவதையும் புள்ளியாலேயே எழுதித் தன் பழைய கடனைத் தீர்த்துக்கொண்டது. முதலாம் இராசராசன் கல்வெட்டுகளுக்கு முன்னால் மெய்க்கீர்த்தி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினான். நம் சாசனங்களில் அதன் இடத்தில் இனிஷியல் நிற்கிறது. கொடையை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் அடைவான் என்னும் ஓம்படைக் கிளவி மட்டும் எவர்சில்வரில் பொறிக்கப்படுவதில்லை. அதைப் பெரியத்தை வாய்மொழியாக நிறைவேற்றுகிறார்.

சென்ற ஆடி மாதம் சித்தி ஒரு புளியோதரைப் படம் போட்டார். புளியோதரை ஒரு தூக்கில் இருந்தது. தூக்கின் விளிம்பில் எழுத்து. படத்தைப் பெரிதாக்கி, மைப்படி எடுப்பதற்கு நிகரான பொறுமையுடன் வாசித்ததில் கிடைத்த பாடம்: ‘[சிதைவு] ரா. 87’. முன்னெழுத்து பல்லாண்டுக் காலத் தேய்ப்பில் போய்விட்டது. ‘ரா’ தம் பெயரின் முதலெழுத்து என்றும், 87 தம் கல்யாண வருஷம் என்றும், தூக்கு தம் சீர்ப் பாத்திரம் என்றும் பெரியத்தை உடனே அறிவித்தார். சித்தி தரப்பு ‘ரா’ தம் தகப்பனாரின் பெயர் என்றது. 87? அது விலை. ரூபாய் 87.

இரு வாசிப்புகளையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். முதலில் காலம். ‘87’ என்பதில் நூற்றாண்டு குறிக்கப்படவில்லை. 1887 என்று கொள்ளத் தடையில்லை. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஆண்டு அது என்பதால் கவர்ச்சியும் உண்டு. காலத்தை எவ்வளவு முன்னே தள்ளுகிறோமோ அவ்வளவு கைதட்டல் என்பது கருத்தரங்க விதி. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல் என்பது இதற்கு எதிரான ஒரே சான்று. அத்தகைய சான்றுகளை அடிக்குறிப்பில் வைப்பது நம் மரபு. இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை. தூக்கு 1987-இல் வாங்கியது என்று பெரியத்தையே சொல்கிறாரே எனலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார்; அத்தகையோர் சாட்சியத்தை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

விலைக் கொள்கை பலவீனமானது. விலையை ஸ்டிக்கரில் ஒட்டுவார்கள், ஊசியால் குத்தமாட்டார்கள். ஆயினும் அக்கொள்கைக்கு ஆதரவாகச் சித்தியே ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அது கிடைக்கவில்லை (சித்தி, அழிக்கப்பட்ட செய்தி, அழியுமுன் வாசித்த மாமி வழி, மாமி சொன்னதாக என் தங்கை, தங்கை இடையில் சிரித்துவிட்டதால் பிற்பகுதி சிதைந்துள்ளது, மாமியின் வேறு பாடத்தில் ‘தூக்கு’ என்பதற்கு ‘அடுக்கு’ எனக் காண்கிறது).

தூக்கு இடம்பெயர்ந்தது எவ்வாறு? போர் வழியாகவா, வணிகம் வழியாகவா? இரண்டும் இல்லை. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம்; சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். தகுந்த பண்டம் செய்யும் நாள் வரட்டும் என்று பாத்திரம் காத்திருக்கும். காத்திருக்கும்போது அதில் உளுந்து கொட்டப்படும். உளுந்து கொட்டிய பாத்திரம் அந்த வீட்டுப் பாத்திரம். மரியாதை காரணமாகவே தமிழ்ச் சமூகத்தில் சொத்து கைமாறுகிறது என்பதை வேறு எந்த ஆய்வும் கூறியதாகத் தெரியவில்லை, என் சென்ற ஆண்டுக் கட்டுரையைத் தவிர.

இன்னொரு சான்று, ஆய்வாளன் தேடாமல் கிடைத்தது. 1434-இல் யான் வான் ஐக் தீட்டிய அர்னால்ஃபினி தம்பதி ஓவியத்தில், பின்சுவரின் குவிந்த கண்ணாடிக்குள் அறைக்கு வந்த இருவரின் உருவம் சிறிதாகத் தெரியும். அவர்களுள் ஒருவர் ஓவியரே என்பர். தேய்த்து விளக்கிய தூக்கின் வயிற்றிலும் அவ்வாறே உருவங்கள் தெரிகின்றன. லுங்கி கட்டிய ஒருவர் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார், அவர் சித்தப்பா. அவருக்குப் பின்னால் அடுப்பு மேடை. மேடைமேல் கடையில் விற்கும் புளிக்காய்ச்சல் பாட்டில், மூடி திறந்திருக்கிறது. அரைப்போர் கட்சியின் தலைவர் இல்லத்தில் இப்பாட்டில் காணப்படுவது பற்றி இக்கட்டுரை கருத்துரைக்காது. தீபாவளிப் பலகாரம் எங்களுக்குச் சித்தி வீட்டிலிருந்துதான் வருகிறது. நிதி நல்கும் அமைப்பின் பாட்டிலைப் பற்றி ஆய்வாளர் பேசாதிருப்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி.

உணவின் சுவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குழுவில் இதுவரை வந்த படங்களில் ஒன்றையும் ஆய்வாளன் உண்டதில்லை. சங்க இலக்கியத்தில் தாவரங்கள் என்று எழுதுவோர் குறிஞ்சிப் பூவைத் தேடி மலையேறினார்களா என்று எவரும் கேட்பதில்லை.

இக்கட்டுரையின் முதல் வரைவு குழுவில் போடப்பட்டது. அட்மின் அதைச் சமையல் அல்ல என்று நீக்கினார். அதற்குள் பெரியத்தை கட்டைவிரல் வைத்துவிட்டார். உப்பு குறைச்சல் போலும். சித்தி தரப்பின் மறுப்புரை நேற்றிரவு குரல்பதிவாக வந்திருக்கிறது. 11 நிமிடம் நீளுகிறது, தொடக்கத்தில் சித்தப்பாவின் இருமலும் தூக்கின் கைப்பிடி விழும் ஓசையும் கேட்கின்றன. இரண்டாம் தொகுதி அதைப் பற்றியது.