மீசையும் கத்திரியும்

சூப்பர்ஹீரோ படங்களின் நீட்டித்த பதிப்புகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ‘இயக்குநரின் தரிசனம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். வரலாற்றைப் புரட்டினால் தரிசனமும் கிடையாது, சந்நிதியும் கிடையாது. சம்பள பாக்கி, வக்கீல் நோட்டீஸ், பங்காளிச் சண்டை, இரண்டு மீசை. இவ்வளவுதான் கிடைக்கும்.

ஆதியில் அலெக்ஸாண்டர் சால்கைண்ட் என்றொரு தயாரிப்பாளர் இருந்தார். அவருக்கு இலியா என்றொரு மகன். அப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து ‘தி த்ரீ மஸ்கிடியர்ஸ்’ எடுத்தார்கள். இயக்கம் ரிச்சர்ட் லெஸ்டர். எடுத்து முடித்துப் பார்த்தால் படம் அனுமார் வால். வேறு யாராக இருந்தாலும் கத்திரியைத் தேடியிருப்பார்கள். சால்கைண்டுகள் பேரேட்டைத் தேடினார்கள். நட்டநடுவில் ஒரே வெட்டு. முன்பாதி 1973இல் ஒரு படம், பின்பாதி 1974இல் ‘தி ஃபோர் மஸ்கிடியர்ஸ்’ என்று இன்னொரு படம். வீரர்கள் மூன்று பேர் நான்கு பேராகப் பெருகினார்கள். நடிகர்களின் சம்பளம் மட்டும் ஒரு படத்துக்கானதாகவே நின்றது. நடிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து ஹாலிவுட் ஒப்பந்தங்களில் ‘இந்தச் சம்பளம் எத்தனை படத்துக்கு’ என்று எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. அந்த ஷரத்துக்குப் பெயரே சால்கைண்ட் ஷரத்து. சிலர் பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள். இவர்கள் பெயரை எச்சரிக்கைக்கு வைத்தார்கள்.

பட்ட அனுபவத்தில் அடுத்த முறை சால்கைண்டுகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: சூப்பர்மேன், இரண்டு படம், ஒரே படப்பிடிப்பு. இயக்குநர் ரிச்சர்ட் டானர். 1977இல் இங்கிலாந்தில் வேலை தொடங்கியது. சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல்லாக மார்லன் பிராண்டோ. இரண்டு வாரம்கூட முழுதாக ஆகாத வேலைக்கு 37 லட்சம் டாலர் சம்பளம், அதற்கு மேல் வசூலில் பங்கு. இவ்வளவும் வாங்கிக்கொண்டு, ‘கிரிப்டன் கிரகத்து ஆசாமி எப்படி இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? என்னை ஒரு பச்சை சூட்கேஸாகக் காட்டிவிடுங்கள், குரல் மட்டும் கொடுக்கிறேன்’ என்கிற மாதிரி யோசனை சொன்னாராம் மனிதர். டானர் பேசிப் பேசித்தான் அவரைக் கேமரா முன்னால் நிறுத்தினார். வசனம் மனப்பாடம் செய்யும் பழக்கம் பிராண்டோவுக்கு இல்லாததால், குழந்தை சூப்பர்மேனை ராக்கெட்டில் ஏற்றும் காட்சியில் வசனம் குழந்தையின் அரைத்துணியில் எழுதப்பட்டிருந்தது. உலகமே கண்கலங்கிய அந்தப் பிரிவுக் காட்சியில் தகப்பன் குனிந்து பார்த்ததெல்லாம் அதைத்தான்.

முதலாவது மீசை இங்கேதான் வருகிறது. வில்லன் லெக்ஸ் லூதராக ஜீன் ஹேக்மேன். காமிக்ஸில் லூதர் மொட்டை, மீசையும் கிடையாது. ஹேக்மேன் தலையையும் தரமாட்டேன், மீசையையும் தரமாட்டேன் என்றார். தலைமுடியை விதவிதமாகச் சீவி விக் போலக் காட்டி ஒப்பேற்றினார்கள். மீசைக்கு டானர் ஒரு பேரம் பேசினார்: ‘நீங்கள் எடுத்தால் நானும் என் மீசையை எடுக்கிறேன்.’ நியாயமாகத் தெரிந்தது. ஹேக்மேன் மழித்துவிட்டு வந்தார். டானர் தன் மீசையைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். ஒட்டு மீசை. சூப்பர்ஹீரோ சினிமா வரலாற்றில் மீசைப் பிரச்சினை செலவில்லாமல் தீர்ந்தது அந்த ஒருமுறைதான். பின்னால் வந்தவர்கள் இதைப் படித்திருக்கலாம்.

இரண்டாம் படம் முக்கால்வாசி எடுத்தாகிவிட்டது. இதற்குள் டானருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பட்ஜெட் என்ன என்று டானருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று மட்டும் தினமும் சொன்னார்கள். தூது போக ஆள் வேண்டுமே. வந்தவர் நம் பழைய மஸ்கிடியர் லெஸ்டர். சால்கைண்டுகள் அவருக்குத் தரவேண்டிய பழைய பாக்கி நின்றிருந்தது. கடன்காரனை வேலைக்கு வைத்துக் கடனை அடைக்கும் அரிய உத்தி. 1978 டிசம்பரில் முதல் படம் வந்தது, பெட்டி நிரம்பியது. நன்றியாக டானருக்குச் சீட்டைக் கிழித்தார்கள். இரண்டாம் படம் தூது வந்தவர் கைக்குப் போனது.

பிராண்டோ தன் பங்கு சரியாக வரவில்லை என்று 5 கோடி டாலருக்கு வழக்குப் போட்டார். சால்கைண்டுகளின் பதில் எளிமையானது: இரண்டாம் படத்திலிருந்து அப்பாவையே எடுத்துவிட்டார்கள். அப்பா பேச வேண்டியதையெல்லாம் அம்மா பேசினார். ஹேக்மேன், டானர் இல்லாத படத்துக்கு வரமுடியாது என்று ஒதுங்கிக்கொள்ள, மிச்சக் காட்சிகளுக்கு முதுகு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. லோயிஸ் லேனாக நடித்த மார்கட் கிடர் வாய்திறந்து டானருக்காகப் பேசினார். மூன்றாம் படத்தில் லோயிஸ் லேனை பெர்முடாவுக்கு விடுமுறைக்கு அனுப்பிவிட்டார்கள். பழிவாங்கல் எல்லாம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள்.

1982இல் ஏபிசி தொலைக்காட்சி முதல் படத்தை ஒளிபரப்பியபோது, நிமிடக் கணக்கில் பணம் என்பது சால்கைண்டுகளின் ஏற்பாடு. விடுவார்களா? 143 நிமிடப் படம் இரண்டு இரவுகளுக்குப் பரவி 182 நிமிடமாக வளர்ந்தது. லூதர் தன் செல்லப்பிராணிகளுக்கு இரைபோடுவது உட்பட, டானர் வேண்டாமென்று ஒதுக்கியவையெல்லாம் குப்பைக்கூடையிலிருந்து எழுந்துவந்து உட்கார்ந்தன. ஆக, சூப்பர்ஹீரோ படங்களின் முதல் பெரிய நீட்டிப்பைச் செய்தது இயக்குநர் இல்லை, மீட்டர். ஆட்டோக்காரர் சுற்றுவழியில் போவதை யாரும் தரிசனம் என்று சொல்வதில்லை.

டானரின் ‘சூப்பர்மேன் 2’ 2006இல் வந்தது. பிராண்டோ அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். உரிமைச் சிக்கல் தீர்ந்து காட்சிகள் வெளியே வந்தன. டானர் எடுக்காமல் விட்ட ஒரு முக்கியமான காட்சி, லோயிஸ் துப்பாக்கியைக் காட்டி, கிளார்க் என்ற பெயரில் திரியும் சூப்பர்மேனின் ரகசியத்தைக் கறக்கும் இடம், தேர்வுக்காக எடுத்த ஒத்திகைப் படச்சுருளிலிருந்து ஒட்டப்பட்டது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அப்போது உடம்பு தேற்றத் தொடங்கவில்லை. அதனால் கிளார்க் திடீரென்று இளைத்துப்போகிறார், தலைமுடி மாறுகிறது, அடுத்த காட்சியில் எல்லாம் சரியாகிறது. அதைவிட முடிவு பிரமாதம். பூமியைப் பின்னோக்கிச் சுற்றவைத்துக் காலத்தைத் திருப்பும் வித்தை இந்தப் படத்துக்காக யோசித்தது. அவசரத்தில் முதல் படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டானர் பதிப்பில் அதே வித்தை மறுபடியும். நடந்தது எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கிளார்க், முன்பு தன்னை உணவு விடுதியில் அடித்த லாரிக்காரனைத் தேடிப்போய் வெளுத்துவாங்குகிறார். அந்த அடிதான் நடக்கவேயில்லையே! பாவம் அந்த ஆள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இவ்வளவு ஓட்டையோடும் எனக்கு டானர் பதிப்புதான் பிடிக்கும். லெஸ்டர் படத்தில் சக்தியை இழந்த சூப்பர்மேன் ஒரு பச்சைப் படிகத்தை எடுத்துப் பார்க்கிறார். அடுத்து வரும்போது பறக்கிறார். எப்படி என்று கேட்கக்கூடாது. டானர் படத்தில் தகப்பன் தன்னிடம் மிச்சமிருக்கும் உயிரையெல்லாம் கொடுத்து மகனைத் தொடுகிறான், அத்தோடு அணைந்துபோகிறான். வசூல் பங்குக்காக வெட்டப்பட்டது இந்த இடம். இதோடு ஒப்பிட்டால் லெஸ்டர் படத்து ஈஃபில் கோபுர வெடிகுண்டெல்லாம் ஒன்றுமேயில்லை. இத்தனைக்கும் டானர் பதிப்பு லெஸ்டருடையதைவிடச் சிறியது, 116 நிமிடம்தான்.

நடுவில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘டேர்டெவில்’ 2003இல் 103 நிமிடம். அடுத்த வருடம் இயக்குநர் பதிப்பு 133. கூடுதல் அரைமணியில் ஒரு கொலை வழக்கு வருகிறது, கதாநாயகன் வக்கீல் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. நல்ல முன்னேற்றம். ‘ஸ்பைடர்மேன் 2.1’ எட்டு நிமிடம் நீண்டது. அதில் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன் ஸ்பைடர்மேன் உடையை மாட்டிக்கொண்டு தன் மேசைமேல் குதிக்கிறார். அந்தச் சில வினாடிகளுக்கு நான் தனி டிக்கெட் எடுப்பேன். மீதி ஏழே முக்கால் நிமிடம் இல்லாமலே படம் நன்றாகத்தான் இருந்தது.

‘பேட்மேன் வி சூப்பர்மேன்’ 2016இல் 151 நிமிடமாகத் தியேட்டருக்கு வந்தது. கதை புரியவில்லை என்று ஊரே திட்டியது. சில மாதத்தில் 182 நிமிடப் பதிப்பு. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடந்த கொலைகளை சூப்பர்மேன் தலையில் கட்ட உடல்களை எரித்தது யார், சாட்சி சொன்ன பெண்ணை மிரட்டியது யார், சக்கர நாற்காலியிலிருந்த வெடிகுண்டு சூப்பர்மேன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை (ஈயத்தகடு, ஐயா!) என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதாவது வெட்டியது கொழுப்பை இல்லை, முதுகெலும்பை. நீண்ட பதிப்பு சின்னதைவிட வேகமாகப் போவதுபோல் தோன்றுவது இதனால்தான். ஆனால் இருவர் அம்மாவின் பெயரும் மார்த்தா என்று தெரிந்ததும் சண்டை நிற்கும் இடம் மூன்று மணிநேரப் பதிப்பிலும் அப்படியே நிற்கிறது. முப்பது மணிநேரம் கொடுத்தாலும் அது தேறாது.

பிறகு ‘ஜஸ்டிஸ் லீக்’. மகளைப் பறிகொடுத்த துயரத்தில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2017இல் விலகினார். அதில் கேலிக்கு எதுவுமில்லை. கேலிக்குரியவர்கள் ஸ்டுடியோவில் இருந்தார்கள். ஜாஸ் வீடனைக் கொண்டுவந்து பாதிப்படத்தை மறுபடி எடுத்தார்கள், நீளம் இரண்டு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அப்போது சூப்பர்மேன் ஹென்றி கேவில் ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். பாரமவுண்ட் நிறுவனம் மழிக்கக்கூடாது என்றது. டானராக இருந்தால் ஒட்டு மீசையோடு வந்திருப்பார். வார்னர் நிறுவனம் கம்ப்யூட்டரால் மழித்தது. படத்தின் முதல் காட்சியிலேயே சூப்பர்மேனின் மேலுதடு தனியாக வேறு ஏதோ படத்தில் நடித்துக்கொண்டிருந்தது.

ரசிகர்கள் கொதித்தார்கள், விளம்பரப் பலகை வைத்தார்கள், தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு நிதியும் திரட்டினார்கள். 2021 மார்ச்சில் ஸ்னைடர் பதிப்பு வந்தது: 242 நிமிடம், பழைய டிவி போலச் சதுரமான திரை, உதடு ஒழுங்காக இருந்த இடத்தில். சைபார்க்குக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது, வில்லனுக்குக் காரணம் கிடைத்தது. கூடவே ஐஸ்லாந்துப் பெண்கள் நின்று நிதானமாகப் பாட, ஒருத்தி அக்வாமேன் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரை முகர்ந்து பார்க்கும் காட்சியும் கிடைத்தது. சாலை விபத்தில் ஹாட் டாக் எல்லாம் மெதுவாக மிதக்கும். கடைசியில் எல்லோரும் செத்தபின் ஃப்ளாஷ் ஓடி ஓடிக் காலத்தைத் திருப்புகிறார். டானர் செய்ததே. வேலையிலிருந்து வெளியேறிய இயக்குநர்கள் திரும்பிவந்தால் முதலில் கைவைப்பது கடிகாரத்தில்தான் போலிருக்கிறது. நான்கு மணிநேரத்தில் ஒரு மணியைக் குறைத்திருந்தால் அருமையான படம் என்பேன். குறைக்கச் சொல்ல அந்த முறை யாருக்கும் தைரியமில்லை.

வெற்றி கண்ட ரசிகர்கள் ஓய்ந்தார்களா? ‘சூசைட் ஸ்குவாட்’ பக்கம் திரும்பிவிட்டார்கள். 2016இல் அந்தப் படத்தை எடிட் செய்ய ஸ்டுடியோ அழைத்துவந்தது ட்ரெய்லர் தயாரிக்கும் கம்பெனியை. ட்ரெய்லர் பிரமாதமாக இருந்ததாம், படத்தையும் அவர்களே வெட்டட்டும் என்று நினைத்தார்களாம். தன்னுடைய உண்மையான படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது என்கிறார் இயக்குநர் டேவிட் ஐயர். வெளியிடும் எண்ணமில்லை என்றது வார்னர். ட்விட்டரில் அடுத்த கோஷம் உடனே கிளம்பியது.