தூளியில் துள்ளும் கை

கேள்வி: 20 நாள் பச்சைப்பிள்ளை. தூளியில் தூங்கும்போது கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பு என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். நரி விரட்டுகிறது என்கிறார் மாமியார். எது சரி? – வாசகி, சின்னமனூர்

பதில்: நரியை மேகமலைக்கே அனுப்பிவிடலாம். வலிப்பைத்தான் விசாரிக்க வேண்டும். முதல் சாட்சி தூக்கம். பிறந்த சில வாரங்களில் தூக்கத்தில் மட்டும் வரும் தசைத் துள்ளல், பிள்ளையை எழுப்பிய கணமே நின்றுவிடும். வலிப்பு எழுப்பினாலும் நிற்காது. இரண்டாவது சாட்சி தூளியேதான்! ஆட்ட ஆட்ட இந்தத் துள்ளல் கூடும். 1982-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இதில் மூளை அலைப் பதிவு இயல்பாகவே இருக்கும்; பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே மறையும். வலிப்பு மருந்து வேண்டாம். சில மருந்துகள் துள்ளலை அதிகமாக்கவும் கூடும்.

‘அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா?’ என்று கேட்பீர்கள். கூடாது. துள்ளல்போலத் தோன்றும் ஆபத்தான வலிப்பு ஒன்றும் உண்டு. 1841-இல் இங்கிலாந்து மருத்துவர் வெஸ்ட், தன் மகனுக்கு வந்ததையே லான்செட் இதழுக்கு எழுதினார்: தலை முன்னால் கவிழ, உடல் சட்டென மடங்கும் இழுப்பு. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு, தூங்கி எழும் வேளையில், அடுக்கடுக்காக வரும். சிரித்த பிள்ளை சிரிப்பை மறக்கும். இதில் ஒவ்வொரு நாள் தாமதமும் மூளை வளர்ச்சியைத் தின்னும். விழித்திருக்கும்போது வெட்டினாலோ, உடல் நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றைக்கே ஓடுங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. துள்ளல் தொடங்கியதிலிருந்து எழுப்பியதுவரை செல்போனில் படம் பிடித்து, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிடப் படம் அவருக்கு அதிகம் சொல்லும்.