கேம்ரி அண்ணன்

சிட்னியின் மேற்குப் பக்கம் போகும் ரயிலில் உட்கார்ந்தால் ஹாரிஸ் பார்க், வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நம் ஜனங்கள் குடியேறிய ஸ்டேஷன்களாக வரும். ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் இட்லி மாவு விற்கும் அக்கா ஒருவர், ஊரிலிருந்து புடவை தருவித்து விற்கும் அக்கா ஒருவர், கேம்ரி அண்ணன் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். முதல் இருவருக்கும் போட்டி உண்டு. கேம்ரி அண்ணனுக்கு இல்லை. அவர் காசு வாங்குவதில்லை.

அவர் மெக்கானிக்கும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஏதோ ஒரு வங்கியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவர். சனிக்கிழமை விடிந்தால் தோளில் ஒரு பை ஏறிவிடும். அதற்குள் டார்ச், டயர் ஆழம் பார்க்கும் கேஜ், கம்ப்யூட்டரோடு இன்ஜினைப் பேசவைக்கும் ஸ்கேனர், பழைய பனியன் துணி, பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம். காந்தம் அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. இன்னும் குவீன்ஸ்லாந்து என்று எழுதியிருக்கும். பெயின்டில் கீறல் விழக்கூடாது என்று அதற்கு வெல்வெட்டில் ஒரு சட்டை தைத்திருக்கிறார்.

கார் வாங்கவேண்டும் என்று போனால் எல்லோரும் முதலில் பட்ஜெட் கேட்பார்கள். அண்ணன் கேட்பது வேறு: “எப்போ விக்கப்போறீங்க?”

இந்தக் கேள்வியில் மிரண்டுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் வாங்கவே இல்லையே அண்ணா என்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் கணக்கில், கார் வாங்குகிறவன் அதற்குச் சொந்தக்காரன் இல்லை. யாரோ முகம் தெரியாத அடுத்த ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் வந்து பார்த்துவிட்டு முகம் சுளிக்கக்கூடாது. அதுவரைக்கும் நாம் வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். நம்மூரில் ‘டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரே ஓனர்’ என்று விளம்பரம் கொடுப்பவர்களின் நேர் வாரிசு இவர். அந்த டாக்டர் உண்மையிலேயே எங்காவது இருப்பார் என்றால் இவரைப்போல்தான் இருப்பார்.

எங்கள் கீழ்வீட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான்கு பையன்கள், படிப்பு முடிந்த கையோடு பெர்த் வரை காரிலேயே போவது என்று கிளம்பியபோதுதான் அண்ணனின் முழு வித்தையையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்தது. சிட்னியிலிருந்து பெர்த் சுமார் 3,950 கிலோமீட்டர். கையில் ஆறாயிரம் டாலர், நாலு பேரின் பகுதிநேர வேலைச் சம்பளம்.

ஆளுக்கொரு கனவு இருந்தது. ஒருவனுக்கு ஹைஏஸ் வேன் வாங்கிப் பின்னால் மெத்தை போடவேண்டும். “பேக்பேக்கர் கைமாத்தின வண்டியா? ஹைவே ஒன்ல நாட்டை ஒரு சுத்து சுத்தினா பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தம்பி. அது எத்தனை சுத்து சுத்தியிருக்குன்னு அதுக்கே தெரியாது.” அடுத்தவன் சல்லிசாக வந்த ஃபோர்டு ஃபோகஸைக் காட்டினான். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றிப் புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக 2018ல் ஃபெடரல் நீதிமன்றம் கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் அபராதம் போட்டதை, சாட்சிக் கூண்டில் நின்று வந்தவர் தோரணையில் எடுத்துச் சொன்னார். மூன்றாமவன் பாலைவனம் ஆயிற்றே, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வேண்டாமா என்றான்.

“எந்தப் பாலைவனம்? நல்லார்பார் ரோடு 1976லயே முழுசும் தார் போட்டாச்சு. பெட்ரோல் பங்க்கு பங்க் இருநூறு கிலோமீட்டருக்குள்ள. கேம்ரி டேங்க் எழுபது லிட்டர். அம்மா வீட்டுக்குப் போற மாதிரி போயிட்டு வரலாம்.”

ஆக, கேம்ரி. அது எப்படியும் கேம்ரியில்தான் வந்து முடியும் என்று எங்களுக்குத் தெரியும். மெல்பர்ன் ஆல்டோனாவில் செய்த வண்டி, 2017 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று சொல்லும்போது அண்ணன் குரல் லேசாகக் கம்மும். ஆனால் அவர் காரணம் காட்டினால் மறுத்துப் பேச முடியாது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். எனவே லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெரிய செலவு இல்லை. எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம் உண்டு. ஓடிக் களைத்த கேம்ரிகள் உடைப்புக் கடைகளில் குவிந்துகிடப்பதால் உதிரிபாகம் மலிவு. வெள்ளை நிறம் வெயிலுக்கு நல்லது. இதையெல்லாம் கேட்டு நாம் தலையாட்டும்போது கடைசியாக ஒன்று சேர்ப்பார்: “வெள்ளைன்னா சீக்கிரம் வித்துரும்.”

பார்க்கப்போன வண்டி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. 2010 மாடல், மீட்டரில் 1,91,600. அண்ணன் வாசலில் இறங்கியதும் அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லும் முன்பே பானெட்டின் மேல் புறங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சில்லென்று இருந்தது. நல்லது. சூடாக இருந்தால், கிளம்ப மறுக்கும் வண்டியை நாம் வருமுன் ஓட்டி மழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் கசடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே நடையைக் கட்டவேண்டியதுதான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று புகையின் நிறம் பார்த்தார். குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் படித்தார். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும் என்று அவர் சொன்னபோது, தன் டயருக்கு ஜாதகம் இருப்பது அந்த அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு தாள்கள். வண்டி பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று அரசாங்கப் பதிவேட்டில் பார்க்க இரண்டு டாலர். இதைச் செலவழிக்க யோசிப்பவனைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. வெடித்தால் உலோகத் துண்டு தெறிக்கும் டக்காட்டா காற்றுப்பைகளை 2018ல் கட்டாயமாகத் திரும்பப் பெற உத்தரவு வந்ததே, இந்த வண்டி அந்தப் பட்டியலில் உண்டா, இருந்தால் மாற்றியாயிற்றா என்றும் பார்த்தார். அந்த அம்மா பிங்க் ஸ்லிப்பைப் பெருமையாக நீட்டினார். “அது ரோட்டுல ஓடத் தகுதின்னு சொல்ற சீட்டு. வாங்கத் தகுதின்னு சொல்ற சீட்டு இல்ல,” என்று தமிழில் எங்களிடம் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அவரிடம் மிகவும் நன்றி என்றார்.

பேரத்தில் அவர் பாணியே தனி. ஒரு சொல் விலை கேட்கமாட்டார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்து ஒரு ‘ம்ம்’. பின் கதவு இடைவெளியை விரலால் அளந்து இன்னொரு ‘ம்ம்’. நாலாவது ‘ம்ம்’முக்கு அந்த அம்மாவே ஐந்நூறு டாலர் குறைத்தார்.

உண்மையைச் சொல்லவேண்டும்: அந்தப் பையன்கள் தனியாகப் போயிருந்தால், ஸ்டிக்கர் அழகாக இருக்கிறது என்று அந்த வேனை வாங்கியிருப்பார்கள். அண்ணனால் தலை தப்பிய குடும்பங்கள் எங்கள் பேட்டையில் பல. அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் கூலி ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காப்பி, அப்புறம் அந்தக் காரின் மீது ஆயுள் முழுக்கப் புத்தி சொல்லும் உரிமை.

இந்த இரண்டாவதில்தான் சிக்கல். பையன்கள் போட்டிருந்த திட்டம், பெர்த்தில் வண்டியை விற்றுவிட்டு விமானத்தில் திரும்புவது. அண்ணன் அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நியூ சவுத் வேல்ஸ் நம்பர் வண்டியை அங்கே வாங்குகிறவன், சோதனைக்குக் கொண்டுபோய், பாஸ் பண்ணி, புதிதாகப் பதிவு செய்யவேண்டும். எவன் மெனக்கெடுவான்? ஆகவே திரும்பியும் ஓட்டிக்கொண்டு வாருங்கள். போக 3,950, வர 3,950, ஆக 7,900. இப்போது 1,91,600. வந்து சேரும்போது 1,99,500.

“ஐந்நூறு உங்க கைச்செலவுக்கு. ரெண்டு லட்சம் மட்டும் தாண்டக்கூடாது. வாங்குறவன் தேடும்போதே ‘ரெண்டு லட்சத்துக்குள்’னு ஒரு கட்டத்துல டிக் அடிக்கிறான். தாண்டிட்டா உங்க வண்டி உலகத்துலயே இல்ல.”

அதன் பிறகு அவர் போட்டுக்கொடுத்த பயணத் திட்டம், ஒரு சுற்றுலா வழிகாட்டி எழுதியதாகவே இராது. மார்கரெட் ரிவர் போகவர 550, வேண்டாம். பினாக்கிள்ஸ் பாறைகள் 400, மனசு கேட்காவிட்டால் போகலாம், ஆனால் பெர்த்துக்குள் பஸ்ஸில் சுற்றவேண்டும். திமிங்கிலம் தெரியும் ஹெட் ஆஃப் பைட்டுக்கு ஹைவேயிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, சரி, அனுமதி. ரொட்னெஸ்ட் தீவுக்கு மட்டும் அவசியம் போய்வரச் சொன்னார். குவாக்கா என்று ஒரு பிராணி சிரித்த முகமாக இருக்கும், பார்க்கவேண்டிய ஒன்று என்றார். படகில் போகவேண்டும், நம் வண்டியை ஏற்றமாட்டார்கள் என்பதை அப்புறம் சொன்னார்.

சாயங்காலமும் விடியற்காலையும் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும் என்றார். நல்ல புத்திமதிதான், இங்கே எல்லோரும் சொல்வதுதான். பையன்கள் உயிரை நினைத்துத் தலையாட்டினார்கள். அண்ணன் தொடர்ந்தார்: “முன்பக்கம் பலமா அடிபட்டு இன்ஷூரன்ஸ்காரன் ரைட்-ஆஃப்னு எழுதிட்டா ரெஜிஸ்டர்ல ஏறிடும். அப்புறம் சும்மா குடுத்தாலும் வாங்கமாட்டான்.” பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்ச்சாலை இருக்கிறதே, தூக்கம் வராதா என்று கேட்டார்கள். “ஸ்டியரிங் தேய்மானமே கிடையாது,” என்றார் அவர், ஆனந்தமாக. 1979ல் ஸ்கைலாப் விண்நிலையம் உடைந்து அந்தப் பக்கமாகத்தான் விழுந்தது, எஸ்பெரன்ஸ் ஊராட்சி குப்பை போட்டதாக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அப்படி ஏதாவது மேலே விழுந்தால் கட்டாய இன்ஷூரன்ஸான கிரீன் ஸ்லிப்பில் பைசா வராது, அது ஆளுக்கு அடிபட்டால் மட்டும்தான் என்று அவர் அதிலிருந்தும் ஒரு பாடம் எடுத்தார்.

காருக்குள் பிரியாணி கூடாது. வாசனை இருக்கையில் ஏறினால் இறங்காது. சீட்டுக்கு உறை, உறைக்கு மேலே துண்டு. இதெல்லாம் பிறத்தியாருக்கு மட்டும் சொல்லும் உபதேசம் என்று நினைத்துவிடக்கூடாது. அவருடைய சொந்தக் கேம்ரி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்கூட வராது. ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது அண்ணி புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு, மூடியை இரண்டு கையாலும் அமுக்கியபடி உட்கார்ந்திருப்பார். சன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், கவனம் பிசகிவிடும்.

வண்டிக்குப் பூஜை போட்டார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நால்வரில் கோவில்பட்டிப் பையனின் அம்மா வீடியோ காலில் வந்து, பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினால்தான் கிளம்ப விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஊட்லா விர்ரா சோதனைச் சாவடியில் அதைக் கழற்றிவிட்டார்கள்; பழ ஈ பயத்தால் பழம் எதையும் உள்ளே விடுவதில்லை. போர்ட் அகஸ்டாவில் புதிதாக வாங்கிக் கட்டினார்கள். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் தேன், காய், பழம் எல்லாவற்றையும் தேடுகிற அதிகாரி, பம்பரைப் பார்த்துவிட்டு இது உணவா என்று கேட்டிருக்கிறார். உணவில்லை, பாதுகாப்பு என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் போலவா என்றாராம். கிட்டத்தட்ட என்றார்களாம். அதுவும் தொட்டிக்குப் போனது. திருஷ்டிக் கயிறு இல்லாமல் மிச்ச தூரம் போவது எப்படி என்று அண்ணனுக்கு போன் போட்டார்கள்.

“குடுத்துருங்க, குடுத்துருங்க. கயிறு உரசின இடத்துல பெயின்ட் போயிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

பெர்த்திலிருந்து எங்கள் வாட்ஸாப் குழுவுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் குவாக்கா. அண்ணன் கட்டைவிரல் உயர்த்தினார். அடுத்து பினாக்கிள்ஸ். “நூறு பாக்கி,” என்று மட்டும் பதில் போட்டார். அதற்கு அடுத்த நாள் மார்கரெட் ரிவரில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நாலு பேரும் கோப்பையும் கையுமாக நின்றார்கள். அண்ணன் அதற்கு எதுவும் எழுதவில்லை. அன்றிரவு எனக்கு போன் செய்து, திரும்பும்போது ஹெட் ஆஃப் பைட்டுக்குள் மறுபடி நுழையாமல் இருக்கச் சொல்ல முடியுமா, தான் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்றார். நான் சொன்னேன். அவர்கள் நுழைந்தார்கள்.

நிங்கன் தாண்டி டப்போ வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். மெதுவாக உருட்ட, மீட்டரில் 199999 புரண்டு 200000 ஆகிறது. உள்ளே ஒரே விசில். கேமரா திரும்பினால் பின்சீட்டில் துண்டைக் காணோம். மடியில் பொட்டலம் பிரித்து ஒருவன் சிக்கன் தின்றுகொண்டிருக்கிறான். இதைக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

நீல டிக் விழுந்தது. அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அண்ணனிடமிருந்து குரல்பதிவு ஒன்று, நிதானமாக:

“தம்பி, டப்போ பெரிய ஊர்தான். டீலர் இருப்பான். அங்கேயே வித்துருங்க. சிட்னிக்கு தினம் ஒரு ரயில் இருக்கு.”