பத்தடி தூரத்து எச்.டி.

1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தது ஊருலகத்துக்குத் தெரிந்த கணக்கு. ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டு ரீவியில் அதை இரண்டு அரவிந்தாக்கள் சேர்ந்து எடுத்தார்கள். ஒருவர் அசல். மற்றவர் அரை அங்குலம் தள்ளி நின்று கூடவே மட்டை வீசிய நிழலாள்.

பெரியப்பா சவூதியால் கொண்டுவந்த 14 அங்குலப் பெட்டி அது. பீதுருதாலகாலை மலையில் புறப்படும் அலை மேடுபள்ளமெல்லாம் கடந்து, படுவான்கரை வயலையும் வாவியையும் தாண்டி எழுவான்கரைக்கு வரும். நேரே வந்த அலைக்குப் பின்னால், எங்கோ முட்டித் திரும்பிய அலையும் சற்றுப் பிந்தி வந்து இறங்கும். நிழலாள் பிறப்பது அப்படித்தான். போதாததற்கு உப்புக்காற்று அன்டெனாக் கம்பிகளைத் தின்றுகொண்டிருந்தது. குழாயைக் கட்டிப்பிடித்தபடி நான் முற்றத்தில், உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல்: "கொஞ்சம் கிறுக்கு மகன்... ஆ, காணும்! ஐயோ, போயிட்டு. மறுகாக் கிறுக்கு." வீட்டில் இளையவனுக்கு அதுதான் உத்தியோகம். 242 என்ற இலக்கைத் துரத்திய ஆட்டத்தில் பாதியை நான் காதால்தான் பார்த்தேன்.

உள்ளே இருந்தவர்களுக்கும் பந்து தெரியவில்லை. ஃபீல்டர் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கம் பந்து. ஆனாலும் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பைப் பற்றி அத்தனை பேருக்கும் அபிப்பிராயம் இருந்தது. இருட்டினால் தெருவில் இறங்க முடியாத காலம். வந்த அயலட்டை முழுவதும் பாயை விரித்து அங்கேயே படுத்து, விடிந்த பிறகுதான் வீடு போனது. படம் கிளியர் இல்லை என்று ஒருவரும் குறைப்படவில்லை.

இப்போது அதே சுவரில் 32 அங்குல எச்.டி. தொங்குகிறது. அக்கா மகன் அடம்பிடித்து வாங்கவைத்தது. கூரையில் டிஷ், மாதாமாதம் எச்.டி. பெக்கேஜுக்குத் தனிக் காசு.

ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பெட்டியில் படம் காட்டும் கோடுகள் 576. ஒவ்வொன்றின் தடிப்பும் ஏறத்தாழ 0.37 மில்லிமீற்றர். புதியதில் கோடுகள் 1080. ஆனால் பெட்டியும் உயர்ந்துவிட்டதே. வகுத்தால் அதே 0.37! நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்துக் காணும். அதன்படி இரண்டு பெட்டியிலும் நாலடிக்குச் சற்று அப்பால் போனால் கோடு கோடாகத் தெரியாது. பெரியம்மாவின் கதிரையோ சுவரிலிருந்து பத்தடி. அந்தத் தூரத்தில் 32 அங்குலத்துக்குப் பழைய 576 கோடே தாராளம். மிச்சக் கோடுகளுக்கு நாம் காசு கட்டுகிறோம், கண் எடுத்துக்கொள்வதில்லை. அறுபது அங்குலத்தைத் தொங்கவிட்டால் கதை வேறு. ஆனால் எங்கள் சுவரில் கடவுள் படங்களுக்கும் இடம் வேண்டும்.

நிழலாள் போய்விட்டார், அது மெய். ஆனால் அவரைத் துரத்தியது டிஜிட்டல் டிஷ்தான். சாதாரண பெக்கேஜிலும் அவர் வரமாட்டார். தரைவழி ஒளிபரப்பையும் டிஜிட்டலாக்க ஜப்பானிய முறையை எடுப்பதென்று 2014இல் அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அன்டெனாவை நம்பியிருந்த வீடுகளில் குழாய் கிறுக்கும் உத்தியோகம் பறிபோகவில்லை.

"கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுப் பாருங்க பெரியம்மா, அப்பதான் காசு செமிக்கும்" என்றேன்.

"ஃபேன் காத்து இஞ்சதான் வருகுது. அந்தப் பிள்ளை அழுறது எனக்கு இஞ்ச இருந்தே விளங்குது."

சீரியல் நாயகியைத்தான் சொன்னார்.

எச்.டி.க்கு அடம்பிடித்தவன் திண்ணையில் குந்தியிருந்து கைப்பேசியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். படத்தின் தரத்தை 360இல் வைத்திருந்தான்.

"ஏன்டா?"

"டேட்டா முடிஞ்சிரும் மாமா."