எக்ஸ்பியும் அம்பாசடரும்

எங்கள் தெருக் கணினிப் பித்தருக்கு 2014 இரட்டைத் துக்கம். ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைகழுவியது. மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இரண்டையும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். புதுக் கார் என்றாலே முகம் சுளிப்பார்: “பானெட்டைத் திறந்தா என்ன சார் இருக்கு? பிளாஸ்டிக் மூடி!” அவர் வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வாயால் ஊதி, திரும்ப மாட்டிவிடலாமாம். உண்மைதான், ஞாயிறுதோறும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். லினக்ஸ் மீதும் மரியாதை உண்டு. அதுவும் ஓயாமல் வேலை வைக்கிறதே! தானாக அப்டேட் ஆகும் எதையும் நம்பமாட்டார். மழை நாளில் முகூர்த்தத்துக்குப் போவதென்றால் மட்டும் மனைவியின் ஆல்டோவில் ஏறிக்கொண்டு, வழிநெடுக அதன் சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்.