லைன் மண்டோர்

ரசல் துரை 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலேயே கணக்கு எழுதக் கிராணி, ஆட்களை விரட்ட மண்டோர் என்று கேமரன் மலையில் பதவிகளெல்லாம் வகுத்தாகிவிட்டது. ஒரு பதவி மட்டும் பிற்பாடு தானாக முளைத்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. நான் வைத்த பெயர் லைன் மண்டோர்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டில் இரண்டு கைப்பேசி, மூன்று சிம் கார்டு. ஒன்று பேச, ஒன்று டேட்டாவுக்கு, மூன்றாவது "சும்மா இருக்கட்டுமே". தேயிலைச் சரிவில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்தால் யாரையோ கூப்பிடுகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். லைன் பார்க்கிறார்.

தோட்டத்தின் நிலவரம் அவருக்கு அத்துப்படி. "கோயில் படிக்கட்டில மூணாவது படி. நாலாவதுக்குப் போயிடாதே, செத்துடும். தண்ணித் தொட்டிப் பக்கம் வாட்ஸ்அப் போகும், படம் போகாது. காதல் பேசுறதுன்னா ஸ்டோருக்குப் பின்னால." கடைசித் தகவலை அவர் எப்படித் திரட்டினார் என்று யாரும் கேட்பதில்லை.

யாராவது வீட்டுக்கு இணையம் போடலாம் என்று வாய் திறந்தால் போதும், மனிதருக்குத் திருவிழா. விண்ணப்பத்துக்குத் துணையாகப் பட்டணத்துக்கு அவரே வருவார். கவுண்டர்ப் பெண் தெருப் பெயர் கேட்பாள். "எங்களுக்கு ஜாலான் எல்லாம் இல்லம்மா, மேடுதான்." தாமான் பெயர்? "தாமான் இல்லம்மா, தோட்டம்." கணினியோ தாமானும் ஜாலானும் இல்லாத வீட்டை வீடு என்றே ஒப்புக்கொள்ளாது. எப்படியோ ஒப்புக்கொள்ள வைத்தால் அடுத்தது வரும்: "உங்க பக்கம் கேபிள் இல்ல." பக்கத்தில் வந்திருந்தால், "போர்ட் காலி இல்ல." லைன் மண்டோர் நம் பக்கம் திரும்பி, "நான் சொல்லலே?" என்பார். அந்த முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கேபிள் இல்லையென்றால் சிம் போடும் மோடம். அதை வைக்க இடம் பார்ப்பது, கிழக்கு மேற்கு பார்த்து அடுப்படி வைப்பதைவிடக் கடுமையான சாத்திரம். சன்னலோரம் ஒரே ஒரு மூலையில்தான் பச்சை விளக்கு எரியும். அங்கே பாட்டியின் கட்டில் இருக்கும். கட்டில் நகரும். மறுநாள் சாமி படமும் நகரும். ஒரு வாரத்தில் வீட்டில் நகராத பொருள் மோடம் ஒன்றுதான்.

லைன் போனால் அவருக்கு ஒரே காரணம்: "பனி இறங்கிடுச்சு." பனிமேல் இது அபாண்டம். 4ஜி அலைக்குப் பனியொரு பொருட்டே அல்ல. குறுக்கே நிற்கும் மலைதான் தடை. மேடு மறைத்தால் அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்கு அலை சரியாக இறங்காது. அதோடு இரவானால் தோட்டத்து வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் நம் ஆட்களும் சேர்ந்து ஒரே டவரில் ஊருக்கு முகம் பார்த்துப் பேசுவார்கள். இதையெல்லாம் விளக்கினால், "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போய்வந்த சுற்றுலாக்காரர்கள், "அங்கே அவ்வளவு பெரிய கோபுரம் நிக்குதே?" என்று கேட்டாலும் அசரமாட்டார். "அது ரேடியோவுக்கும் டிவிக்கும். நமக்கு இல்ல." இதில் மட்டும் அவர் சொல்வது சரி.

அவருடைய பொற்காலம் 2020. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பாறையில் உட்காருவது என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் இவர். ஜூனில், சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி தேர்வு எழுத லைன் தேடி மரத்தில் ஏறி இரவு தங்கிய காணொளியைப் பார்த்து நாடே பதறியது. இவர் மட்டும், "மரம் எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா நல்ல பாறை காட்டியிருப்பேன்" என்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் ஜென்டேலா திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 91.8 விழுக்காடாக இருந்த 4ஜி வசதியை 2022 முடிவுக்குள் 96.9 ஆக்குவோம் என்றார்கள். கணக்கில் என்றும் தேறாத லைன் மண்டோர் அன்று மட்டும் மனக்கணக்குப் போட்டார். "மிச்சம் 3.1 யாருன்னு நினைக்கிறே?" என்று கேட்டு, நாட்டு விருது வாங்கியவர் மாதிரி நெஞ்சைத் தட்டிக்கொண்டார். 2021 கடைசியில் 3ஜியை நிறுத்தியபோதோ துக்கம் காத்தார். இருந்தவரை அதைத் திட்டாத நாளில்லை.

பதவிக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் மலேசியாவுக்குள் நுழைந்தது. அன்றைய மாதக் கட்டணம் 220 வெள்ளி. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமே 1,500. வெளியூரில் நன்றாகச் சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றவர்களுக்காகத் தட்டு வாங்கி அனுப்பும் வீட்டில்தான் அது ஏறும். அப்படி ஏறிய முதல் நாள் இவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் கைகட்டி நின்று பார்த்தார். மூன்றாம் நாள், "வானம் நல்லாத் தெரியணும், அந்த மரம் மறைக்குது" என்று ஏணி கேட்டார். இப்போது தட்டுக்கும் அவரே மண்டோர்.

எல்லா வீட்டுக்கும் ஒழுங்காகக் கேபிள் வருவதை இவர் உண்மையிலேயே விரும்புகிறாரா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. ஆனால் வராத வரைக்கும் அவரை விட்டால் நமக்கு நாதியில்லை.

ஆகவே, மலையேறி வருகிறவர்களே, அடிவாரத்தில் தாப்பாவிலேயே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால், தோட்டத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரிடம் வழி கேளுங்கள், சொல்வார். வைஃபை கடவுச்சொல்லை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.