வெள்ளைக்காரன் சும்மாவா சொன்னான்?

என் சித்தப்பாவிடம் கைமாற்றுக் கேட்டால் ஒரு பழமொழி கிடைக்கும். அதுவும் இங்கிலீஷில். சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வெள்ளைக்காரன் சும்மாவா சொன்னான்?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது, பணமும் கிடையாது.

யார் இந்த வெள்ளைக்காரன், இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து யோசித்தான் என்று துருவ ஆரம்பித்தேன். கையில் காசில்லாதவனுக்கு ஆராய்ச்சிதான் பொழுதுபோக்கு. அவன் பெரும்பாலும் யோசிக்கவே இல்லை. அக்கம்பக்கத்தில் வாங்கி, திருப்பித் தராமல் வைத்துக்கொண்டான்.

'ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்படவில்லை' என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 12ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்கள். இனாமாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே என்பதைக் கி.பி. 400 வாக்கில் புனித ஜெரோம் லத்தீனில் எழுதினார். அவரே 'ஊரில் சொல்வார்களே' என்றுதான் எழுதுகிறார். நாம் இதையே தானமாக வந்த மாட்டுக்குச் சொல்கிறோம். உலகம் பூராவும் தர்மவான்கள் கிழட்டு மிருகமாகப் பார்த்துத்தான் தள்ளிவிட்டிருக்கிறார்கள் போல.

மொத்த வியாபாரி என்றால் ஹாலந்துக்காரர் எராஸ்மஸ்தான். கிரேக்க, லத்தீன் ஏடுகளைக் குடைந்து, 1500இல் பாரிஸில் 818 பழமொழிகளோடு ஒரு நூல் போட்டார். பதிப்புக்குப் பதிப்பு ஊதிக்கொண்டே போய், 1536இல் அவர் கண்ணை மூடும்போது அது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவரிடம் கைமாற்றுக் கேட்டுப் போனவன் கதியை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் ஜான் ஹேவுட். எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் பாட்டு, வாத்தியம், நாடகம் என்று பிழைத்தவர். 1546இல் இங்கிலீஷ் பழமொழிகளையெல்லாம் ஒரே நூலில் அடைத்தார். வெறும் பட்டியலாகப் போடாமல் கதைக்குள் நுழைத்தார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் நிற்கிறார். ஓர் இளைஞன் வந்து, 'காசில்லாத இளம்பெண்ணைக் கட்டுவதா, காசுள்ள கிழவியைக் கட்டுவதா?' என்று யோசனை கேட்கிறான். நேராகப் பதில் சொன்னால் அரை நிமிஷம். ஆனால் பழமொழி மேல் பழமொழியாகக் கொட்டி, இரண்டு விதமான கல்யாணமும் சீரழிந்த கதையைப் பாட்டாகவே பாடி முடிக்கிறார். ஆறு கல்யாணம் பண்ணிக்கொண்ட ராஜாவின் அரண்மனையில் இருந்துகொண்டு கல்யாணத்தைப் பற்றி எழுத எத்தனை தைரியம் வேண்டும்! இன்று நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விரித்தெழுதும் 'ரோமாபுரி'யும் இந்தக் கல்யாணப் பஞ்சாயத்தில் உண்டு.

பழமொழி வாய் மாறும்போது பொருளும் நழுவும். அரைப் பென்னித் தாருக்குக் கஞ்சத்தனம் பண்ணிக் கப்பலைக் கெடுக்காதே என்று ஒன்று இருக்கிறது. கேட்டதும் கடல், பாய்மரம், ஓட்டை எல்லாம் கண்முன்னே வருமே? கப்பலே கிடையாது. ஆடு! ஆட்டின் புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க மேய்ப்பர்கள் தார் தடவுவார்கள். 17ஆம் நூற்றாண்டு அச்சில் பன்றியும் ஆடும்தான் இருந்தன. சில கிராமத்து வாய்களில் 'ஷீப்' என்பது 'ஷிப்' ஆனது. அவ்வளவுதான், தொழுவத்தில் நின்றது துறைமுகத்துக்குப் போய்விட்டது.

இங்கிலாந்துக்காரர்களாவது அறியாமல் செய்தார்கள். அமெரிக்காவில் டிராம் வண்டி விளம்பரத் தொழிலில் இருந்த ஃபிரெட் பர்னார்ட் தெரிந்தே செய்தார். 1921இல் விளம்பரத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்றில், 'ஒரு பார்வை ஆயிரம் சொற்களுக்குச் சமம்' என்று போட்டு, சொன்னவர் ஒரு ஜப்பானிய ஞானி என்றார். 1927இல் அதே பத்திரிகையில் பார்வை படமாகிவிட்டது, ஆயிரம் பத்தாயிரமாகிவிட்டது, ஜப்பானிய ஞானி காணாமல் போய் அது சீனப் பழமொழியாகிவிட்டது. ஆறு வருஷத்தில் பத்து மடங்கு விலையேற்றம்! சந்தேகப்படுகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே சீன எழுத்துகளையும் அச்சிட்டிருந்தார். படித்தவர்கள் எல்லோரும் விளம்பரக்காரர்கள். அவர்களே நம்பிவிட்டார்கள்.